அம்பர்கிரீஸில் கிரீஸ் இல்லை

தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கம் யாராவது பிடிபட்டால் செய்தித்தாளில் இந்தச் சொல் வந்துவிடும்: அம்பர்கிரீஸ். ‘கோடிக்கணக்கில் மதிப்புள்ள அம்பர்கிரீஸ் பறிமுதல்’ என்று தலைப்பு போட்டு, கீழே ‘திமிங்கல எச்சம்’ என்றோ ‘திமிங்கல வாந்தி’ என்றோ ஒரு விளக்கமும் கொடுத்திருப்பார்கள். கொஞ்ச நாள் முன்பு எங்கள் தெரு டீக்கடையில் இப்படி ஒரு செய்தியை ஒருவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பைக் மெக்கானிக் அண்ணன் ஒருவர் நின்றிருந்தார். நகக்கண்ணில் கறுப்பு ஏறிய விரல்களால் டீ கிளாஸின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “கிரீஸா? திமிங்கலத்துல இருந்து கிரீஸ் எடுக்கறாங்களா?” என்று கேட்டார்.

ரொம்ப நியாயமான கேள்வி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே முந்நூறு, நானூறு வருஷங்களுக்கு முன்னால் இதே இடத்தில் தடுக்கியிருக்கிறார்கள். தடுக்கியதோடு நிற்காமல் சொல்லின் எழுத்துகளையே மாற்றி எழுதினார்கள். அண்ணனுக்கு அன்றைக்கு அவசர அவசரமாக நான் சொன்ன பதிலை இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, வழியில் என்னென்ன குழப்பத்தில் மாட்டியது என்று தேடுவதற்குச் சொற்பிறப்பியல் என்று பெயர். அதைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு அம்பர்கிரீஸைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். சொற்களுக்கு நேரக்கூடிய விபத்துகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே சொல்லுக்கு நேர்ந்திருக்கின்றன.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடலாம். ஸ்பெர்ம் திமிங்கலம் ஆழ்கடலில் கணவாயைத் தின்று வாழ்கிற பெரிய உயிர். வீட்டில் ஊசிக் கணவாய் கழுவியவர்களுக்குத் தெரியும்: கால்கள் ஒன்றுசேரும் இடத்தை விரலால் அழுத்தினால் நடுவிலிருந்து கறுப்பாக, கெட்டியாக, கிளி மூக்கு மாதிரி வளைந்த ஒன்று பிதுங்கி வெளியே வரும். அதுதான் கணவாயின் அலகு. நாம் அதைக் கிள்ளி எறிந்துவிடுகிறோம். திமிங்கலம் அப்படியே விழுங்குகிறது. சதை செரித்துவிடும், அலகு செரிக்காது. பெரும்பாலும் அது வாய் வழியாகவே வெளியே போய்விடும். சில திமிங்கலங்களில் மட்டும் இந்த அலகுகள் குடலுக்குள் இறங்கிச் சிக்கிக்கொள்கின்றன. அவற்றைச் சுற்றி மெழுகு போன்ற ஒரு பொருள் படிந்து படிந்து வருஷக்கணக்கில் கட்டியாகிறது. மிகச் சில திமிங்கலங்களில்தான் இது இருக்கும் என்கிறார்கள். பின்னால் அது மலத்தோடு வெளியேறலாம், அல்லது திமிங்கலம் செத்த பிறகு கடலில் கலக்கலாம். அதனால் ‘வாந்தி’ என்று எழுதுவது சரியில்லை. உருவாகும் இடம் குடலின் கடைசிப் பகுதி.

புதிதாக வெளிவந்த கட்டி கறுப்பாக, பிசுபிசுவென்று, சாணி நாற்றத்தோடு இருக்கும். கடலில் மிதந்து, வெயிலும் உப்பும் காற்றும் பட்டுப் பட்டு, வருஷங்கள் போகப் போக நிறம் வெளுத்துச் சாம்பலாகும். நாற்றம் மாறி, இனிப்பும் மண்ணும் கடலும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். சூடான ஊசியால் குத்தினால் மெழுகாக உருகும். வாசனைத் திரவியக்காரர்கள் இதற்கு இவ்வளவு விலை கொடுத்ததற்குக் காரணம், மற்ற வாசனைகளைச் சீக்கிரம் பறந்துபோக விடாமல் தோலில் பிடித்து வைக்கும் குணமும் இதற்கு உண்டு என்பதுதான். 1953-ல் அண்டார்டிக் கடலில் பிடிபட்ட ஒரு திமிங்கலத்துக்குள் 400 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரே கட்டி இருந்தது.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

அம்பர்கிரீஸ் என்பதில் இரண்டு துண்டுகள். ‘அம்பர்’ அரபியிலிருந்து வந்தது. ‘கிரிஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே நாளில் பிறந்து ஒட்டிக்கொண்டவை அல்ல. அம்பர் தனியாகப் பல நூறு வருஷம் ஊர் சுற்றிய பிறகுதான் ‘கிரிஸ்’ வந்து வாலாக ஒட்டியது. வால் ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் கதையின் சுவையே இருக்கிறது.

அரபியில் இந்தப் பொருளுக்குப் பெயர் ‘அன்பர்’. எழுதும்போது ‘ன’கரம் போட்டுத்தான் எழுதுவார்கள். சொல்லும்போது ‘அம்பர்’ என்று வரும். பகரத்துக்கு முன்னால் வருகிற னகரத்தை உதடு தானாகவே மகரம் ஆக்கிவிடுகிறது. இதற்கு அரபு இலக்கணம் படிக்க வேண்டியதில்லை. ‘ஒன்பது’ என்று எழுதிவிட்டு ‘ஒம்பது’ என்கிறோமே, ‘எண்பது’ என்று எழுதிவிட்டு ‘எம்பது’ என்கிறோமே, அதே வேலைதான். ஐரோப்பியர்கள் இந்தச் சொல்லை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை, வணிகர்களின் வாயிலிருந்து காதால் வாங்கினார்கள். அதனால் லத்தீனிலும் இத்தாலியத்திலும் ‘அம்ப்ரா’, பிரெஞ்சில் ‘அம்ப்ர்’ என்று மகரத்தோடே போய்ச் சேர்ந்தது. ஒரு சொல் கடைத்தெரு வழியாகப் போனதா, நூலகம் வழியாகப் போனதா என்று இந்த மாதிரி ஒரு எழுத்தை வைத்தே ஊகிக்க முடிவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அரபு வணிகர்களுக்கு இது இந்தியப் பெருங்கடல் சரக்கு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, ஏமன், சொகோத்ரா தீவு, மாலத்தீவு என்று திமிங்கலங்கள் நடமாடும் கடல்களின் ஓரத்தில் ஒதுங்கியது. அங்கிருந்து கைமாறிக் கைமாறி மத்திய தரைக்கடல் வழியாக ஐரோப்பா போனது. போன இடத்தில் யாருக்கும் அது எதிலிருந்து வருகிறது என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: கடற்கரையில் கிடைக்கும், லேசாக இருக்கும், நெருப்பில் போட்டால் மணக்கும், விலை அதிகம்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. ஐரோப்பாவின் வடக்கே பால்டிக் கடற்கரையில் இன்னொரு பொருள் ஒதுங்கும். மஞ்சள் நிறம், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், சில சமயம் உள்ளே ஒரு கொசுவோ எறும்போ அப்படியே உறைந்து கிடக்கும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் மரங்களிலிருந்து வடிந்த பிசின் மண்ணுக்குள் புதைந்து கல்லாக இறுகியது அது. புயல் அடித்து ஓய்ந்த பிறகு கடல் பாசியோடு பாசியாகக் கரையில் வந்து கிடக்கும், ஜனங்கள் பொறுக்குவார்கள். அதுவும் லேசானது. அதையும் நெருப்பில் போட்டால் மணக்கும். அதுவும் விலை அதிகம்.

ஒன்று விலங்கின் குடலில் பிறந்தது, இன்னொன்று மரத்தின் பட்டையில் பிறந்தது. ஆனால் சரக்காகப் பார்க்கிறவனுக்கு நான்கு அடையாளமும் ஒத்துப்போகிறது. ஆகவே திமிங்கலப் பொருளின் பெயர் மரப்பிசினின் மேலும் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே பெயர்: அம்பர்.

மரப்பிசினுக்கு அதுவரை பெயரே இல்லாமல் இருந்ததா என்றால், நிறையவே இருந்தது. கிரேக்கர்கள் ‘எலெக்ட்ரான்’ என்றார்கள். லத்தீனில் ‘சுகினம்’, சாறு என்ற சொல்லிலிருந்து வந்தது. மரத்தின் சாறுதான் இது என்று ரோமானியர்கள் புரிந்துகொண்டிருந்ததற்கு அந்தப் பெயரே சாட்சி. ஜெர்மானியர்கள் இன்றும் ‘பெர்ன்ஷ்டைன்’, அதாவது எரியும் கல் என்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலும் ‘க்ளேர்’ என்று ஒரு சொந்தச் சொல் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வழியாக அம்பர் வந்து இறங்கியதும் அந்தச் சொல் வழக்கொழிந்தே போய்விட்டது.

இப்போது பிரெஞ்சுக் கடைக்காரரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ‘அம்பர் கொடுங்கள்’ என்று ஒருவர் கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது? ஆக நிறத்தை வைத்துப் பிரித்தார்கள். மரப்பிசினுக்கு ‘அம்ப்ர் ஜோன்’, மஞ்சள் அம்பர். திமிங்கலப் பொருளுக்கு ‘அம்ப்ர் கிரி’, சாம்பல் அம்பர். பிரெஞ்சில் ‘கிரி’ என்றால் சாம்பல் நிறம். கடைசியில் ஒரு ‘ஸ்’ எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். இந்தச் சாம்பல் அம்பர்தான் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் போய் அம்பர்கிரிஸ் ஆனது.

ஆங்கிலத்தில் அதற்கு முன்பு, 14-ஆம் நூற்றாண்டில், வெறும் ‘அம்பர்’ என்றாலே திமிங்கலப் பொருள்தான். மெல்ல மெல்ல அந்த வெறும் பெயரை மரப்பிசின் எடுத்துக்கொண்டது. பெயருக்குச் சொந்தக்காரனான திமிங்கலப் பொருளோ, ‘சாம்பல்’ என்ற அடைமொழி இல்லாமல் இனி தன்னை அடையாளம் சொல்ல முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இது விசித்திரமாகத் தோன்றினால் உங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். ‘எண்ணெய்’ என்பது எள் + நெய். ஆரம்பத்தில் எள்ளிலிருந்து எடுத்தது மட்டும்தான் எண்ணெய். அப்புறம் அந்தச் சொல் பரவி, தேங்காயிலிருந்து எடுத்ததும் எண்ணெய், கடலையிலிருந்து எடுத்ததும் எண்ணெய், பூமிக்கடியிலிருந்து வந்ததுகூட மண்ணெண்ணெய் என்றாகிவிட்டது. கடைசியில் எள் எண்ணெயைத் தனியாகக் குறிக்க ‘நல்ல’ என்று ஒரு அடை சேர்க்க வேண்டி வந்தது: நல்லெண்ணெய். மூலப் பொருளே தன் பெயருக்கு முன்னால் ஒரு அடையாளச் சீட்டைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டிய நிலை. அம்பருக்கு ‘கிரிஸ்’ செய்ததும் நம் எண்ணெய்க்கு ‘நல்ல’ செய்ததும் ஒரே உதவிதான். இதைப் புரிந்துகொண்டுவிட்டால் அம்பர்கிரீஸின் சொற்பிறப்பில் முக்கால்வாசி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மீதி கால்வாசி, மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்வி.

‘கிரி’ என்பது சாம்பல் நிறம் என்று பிரெஞ்சுக்காரருக்குத் தெரியும். ஆங்கிலேயருக்குச் சாம்பல் நிறத்துக்கு ‘கிரே’ என்று சொந்தச் சொல் இருந்தது. ஆகவே ‘கிரிஸ்’ அவர்கள் காதில் அர்த்தமில்லாத ஓசையாக விழுந்தது. அர்த்தமில்லாத ஓசையை மனித மனம் சும்மா விடாது. தனக்குத் தெரிந்த ஒரு சொல்லோடு சேர்த்துவைத்துத்தான் ஓயும். பொருளோ மெழுகு மாதிரி, கொழுப்பு மாதிரி இருக்கிறது. அப்படியானால் இது ‘கிரீஸ்’ ஆகத்தான் இருக்க வேண்டும் என்று கொழுப்பைக் குறிக்கும் எழுத்துகளைப் போட்டு ‘அம்பர்-கிரீஸ்’ என்று எழுத ஆரம்பித்தார்கள். இன்னும் சிலர், கிரேக்க நாட்டிலிருந்து வந்த அம்பர் போலிருக்கிறது என்று நினைத்து, கிரீஸ் நாட்டின் எழுத்துக்கூட்டலைப் போட்டார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்த இரண்டு விதமான எழுத்துக்கூட்டலும் கிடைக்கின்றன. இந்தச் சொல் எவ்வளவு நிலையில்லாமல் ஆடியது என்பதற்கு இன்னொரு உதாரணம்: ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1671-ல் வெளியிட்ட ஒரு காவியத்தில் இதைத் திருப்பிப்போட்டு ‘கிரிஸ்-அம்பர்’ என்று எழுதியிருக்கிறார்.

மசகாகப் போடுகிற கிரீஸ் தனிக் குடும்பம். அதுவும் பிரெஞ்சு வழியாகத்தான் ஆங்கிலத்துக்கு வந்தது என்றாலும், அதன் வேர் லத்தீனில் ‘தடித்தது, கொழுத்தது’ என்று பொருள்படும் ‘க்ராஸஸ்’. சாம்பல் நிற ‘கிரி’யின் வேர் லத்தீனே கிடையாது. பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் பேசிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்குள் போனது அது. இதே ‘கிரி’யிலிருந்து ஆங்கிலத்தில் நரையோடியது என்ற பொருளில் ஒரு சொல் பிறந்து, அதிலிருந்து வட அமெரிக்காவின் கிரிஸ்லி கரடிக்குப் பெயர் வந்தது. ரோம நுனி நரைத்தாற்போல் இருக்கும் கரடி. ஆக, அம்பர்கிரீஸின் வாலுக்குச் சொந்தம் தேடினால் மெக்கானிக் கடைக்குப் போகக் கூடாது, கரடியிடம்தான் போக வேண்டும்.

தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக வளைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை மக்கள் சொற்பிறப்பு என்பார்கள். இது படிப்பில்லாதவர்கள் செய்யும் பிழை என்று நினைக்க வேண்டாம். எல்லா மொழியிலும், எல்லாத் தரப்பிலும் நடக்கிறது. நம் ஊரில் இதற்கு அருமையான உதாரணம் ‘கிருஷ்ணாயில்’. ரேஷன் கடை வரிசையில் கேன் வைத்துக்கொண்டு நின்ற தலைமுறைக்கு இந்தச் சொல் நன்றாகத் தெரியும். ‘கெரசின் ஆயில்’ காதில் விழுந்தது, கெரசின் யாரென்று தெரியவில்லை, கிருஷ்ணனைத் தெரியும். அவ்வளவுதான், கிருஷ்ணாயில் ஆகிவிட்டது. அந்தக் கெரசினும் நம் விஷயத்துக்கு ரொம்ப தூரமில்லை. ஆபிரகாம் கெஸ்னர் என்ற கனடா நாட்டவர் 1854-ல் பதிவுசெய்த பெயர் அது. கிரேக்க மொழியில் மெழுகுக்குப் பெயர் ‘கெரோஸ்’. அதிலிருந்துதான் அந்தப் பெயரை உருவாக்கினார்.

கிரேக்க நாடு என்று தப்பாக நினைத்தவர்களுக்காகவும் கொஞ்சம் பரிந்து பேச வேண்டும். அவர்கள் அப்படி நினைத்ததற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் விளிம்பிலும் மடிப்பிலும் பச்சையாகக் களிம்பு பிடிக்கும் அல்லவா? அந்தப் பச்சைக் களிம்புக்கு ஆங்கிலத்தில் ‘வெர்டிகிரிஸ்’ என்று பெயர். இதிலும் கடைசியில் அதே ‘கிரிஸ்’. பார்த்தால் ‘பச்சைச் சாம்பல்’ என்று தோன்றும். இங்கேதான் தலைகீழ். பழைய பிரெஞ்சில் இது ‘வெர் த கிரேஸ்’, கிரேக்க நாட்டுப் பச்சை. ஓவியர்கள் பயன்படுத்திய பச்சை நிறச் சாயம். காலப்போக்கில் ‘கிரேஸ்’ என்ற நாட்டுப் பெயர் மங்கி, பிரெஞ்சுக்காரர்களே அதைச் சாம்பலைக் குறிக்கும் ‘கிரி’ என்று மாற்றிவிட்டார்கள். கிரேக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத அம்பரில் ஆங்கிலேயர் கிரேக்கத்தைக் கண்டார்கள். உண்மையிலேயே கிரேக்கம் இருந்த களிம்பில் பிரெஞ்சுக்காரர்கள் சாம்பலைக் கண்டார்கள். இரண்டு சொல்லும் ஒன்றையொன்று கடந்து எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. வீட்டில் பூஜைச் சாமான் தேய்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

பெயர்தான் இப்படி என்றால், பொருளைப் பற்றிய ஊகங்கள் இன்னும் பல. கடலடியில் ஊற்றாகச் சுரந்து இறுகுகிறது என்றார்கள். கடல் தரையில் காளான் போல முளைக்கிறது என்றார்கள். பறவை எச்சம் என்றார்கள். கடலோரப் பாறைகளில் தேனீக்கள் கட்டிய கூட்டின் மெழுகு நீரில் விழுந்து இப்படி ஆகிறது என்றவர்களும் உண்டு. மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சொகோத்ரா, மடகாஸ்கர் பகுதிகளைப் பற்றிச் சொல்லும்போது இதைத் திமிங்கலத்தோடு சேர்த்துச் சொல்கிறார். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. 1563-ல் கோவாவில் அச்சான தன் மருந்துப்பொருள் நூலில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துக்கீசிய மருத்துவர் அம்பருக்கென்றே ஓர் உரையாடலை ஒதுக்கி, அது எங்கிருந்து வருகிறது என்று நிலவிய கருத்துகளை அலசினார். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதித் திமிங்கல வேட்டைக்காரர்கள், அறுத்த திமிங்கலத்தின் உள்ளேயே அதைக் கண்டெடுத்த சேதி 1724-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குப் போனது. 1783-ல் ஷ்வேதியாவர் என்ற மருத்துவர் அதே சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில், கட்டிக்குள் கிடக்கும் கறுப்புத் துண்டுகள் கணவாய் அலகுகள் என்று எடுத்துக்காட்டினார். கவனியுங்கள், பொருளின் மர்மத்தை விடுவித்த அந்தக் கட்டுரையின் தலைப்பில்கூடச் சொல் ‘அம்பர்கிரைஸ்’ என்று படிக்கத் தோன்றும்படிதான் அச்சாகியிருக்கிறது. பொருள் பிடிபட்ட பிறகும் எழுத்துக்கூட்டல் பிடிபடவில்லை!

இதே திமிங்கலத்தின் தலைக்குள் இன்னொரு மெழுகுப் பொருள் உண்டு. அதற்கும் பெயர் தப்பாகத்தான் அமைந்தது. வெள்ளையாக இருந்ததால் திமிங்கலத்தின் விந்து என்று நினைத்து ‘ஸ்பெர்மசெட்டி’ என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள். அதனால்தான் திமிங்கலத்துக்கே ஸ்பெர்ம் திமிங்கலம் என்று பெயர் வந்தது.

சீனர்கள் அம்பருக்கு வைத்த பெயர் ரொம்ப அழகு. ‘லோங் ஸ்யென் ஸ்யாங்’: டிராகனின் எச்சில் வாசனை. கடலில் டிராகன் தூங்கும்போது வாயிலிருந்து வடிந்தது என்று கற்பனை. ஒரு பெரிய கடல் உயிரின் உடலிலிருந்து வந்தது என்ற அளவுக்கு அவர்கள் ஊகம் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

அரபியும் பாரசீகமும் இந்த இரண்டு பொருளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். திமிங்கலப் பொருள் அன்பர். மரப்பிசின் ‘கஹ்ருபா’. இது பாரசீகச் சொல். ‘காஹ்’ என்றால் வைக்கோல், ‘ருபா’ என்றால் பறிப்பது. வைக்கோல் பறிப்பான்! துணியில் தேய்த்த மரப்பிசின் துண்டைத் துரும்புக்கு அருகில் கொண்டுபோனால் துரும்பு பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கியிருப்போமே, அதேதான். இந்தக் குணத்தைத்தான் 1600-ல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கில மருத்துவர் ஆராய்ந்து, கிரேக்கர் வைத்த ‘எலெக்ட்ரான்’ என்ற பெயரிலிருந்து ‘எலெக்ட்ரிகஸ்’ என்று ஒரு லத்தீன் சொல்லை ஆக்கினார். ஆங்கிலத்தின் எலெக்ட்ரிசிட்டி அதன் வழி வந்தது. அரபியில் இன்று மின்சாரத்துக்குப் பெயர் ‘கஹ்ரபா’. ஒரே பிசின் துண்டு, இரண்டு வெவ்வேறு மொழிப் பெயர்கள் வழியாக, இரண்டு இடத்திலும் மின்சாரமாகியிருக்கிறது. தமிழில் நாம் பிசின் பக்கம் போகவே இல்லை. வானத்தில் வெட்டும் மின்னலைப் பார்த்து மின்சாரம் என்றோம்.

தமிழுக்கு அம்பர் புதிய சரக்கு கிடையாது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கீழ்க்காற்றோடு கப்பல்களில் வந்து இறங்கும் சரக்குகளாக ‘அகிலும் துகிலும் ஆரமும் வாசமும் தொகுகருப் பூரமும்’ வரும். அதில் ‘வாசம்’ என்பதற்கு உரை எழுதும் அடியார்க்குநல்லார் கத்தூரி, சவ்வாது, பனிநீர், புழுகு என்று வாசனைப் பொருள்களை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் அம்பரும் இருக்கிறது. வால் இல்லாத வெறும் அம்பர். பிரெஞ்சுக்காரர் வழியாகச் சுற்றி வராமல், கடல் வாணிகத்தின் நேர்வழியில் வந்த சொல். தமிழிலும் பிறகு இதே பெயர் மரப்பிசினையும் குறிக்க ஆரம்பித்திருக்கிறது. அகராதிகளில் ‘மீனம்பர்’ என்று ஒரு சொல் இருப்பதைப் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர் நிறத்தைச் சொல்லிப் பிரித்த இடத்தில், நாம் அது பிறந்த உயிரைச் சொல்லிப் பிரித்திருக்கிறோம். என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் தெளிவான பெயர். நிறம் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மாறும், பிறப்பிடம் மாறாது. செய்தித்தாள்கள் ‘அம்பர்கிரீஸ்’ என்று எழுதிவிட்டு, அதற்கு வாந்தி, எச்சம், உமிழ்நீர் என்று நாளுக்கொரு விளக்கம் கொடுப்பதைவிட ‘மீனம்பர்’ என்று எழுதலாம். திமிங்கலம் மீன் இல்லையே என்று யாராவது சொன்னால், ‘திமிங்கல அம்பர்’ என்று எழுதலாம். சொல்லைப் பார்த்தவுடனே பொருள் விளங்கும், கிரீஸ் டப்பா யாருக்கும் ஞாபகம் வராது.

இடையில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஸ்பெர்ம் திமிங்கலம் இருக்கிறது. அதனால் அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கரையில் ஒதுங்கிக் கிடந்ததாக இருந்தாலும் வனத்துறையிடம்தான் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் வாசனைத் திரவியக் கடையில் ‘அம்பர்’ என்று எழுதி விற்கிறார்களே, அது என்ன? பெரும்பாலும் திமிங்கலமும் இல்லை, பால்டிக் கரைப் பிசினும் இல்லை. செடிகளிலிருந்து எடுத்த பிசின்களையும் சாம்பிராணி வகைகளையும் வெனிலாவையும் கலந்து உண்டாக்கும் ஒரு இதமான வாசனைக்கு அந்தத் தொழிலில் வைத்த பெயர் அது. அதாவது இந்தச் சொல்லுக்கு இப்போது மூன்றாவதாக ஒரு பொருளும் சேர்ந்துவிட்டது. திமிங்கல அம்பரின் வாசனையையே விரும்புகிறவர்களுக்கு, கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் பொருளை மாற்றி அம்பராக்ஸன் என்ற ரசாயனத்தைத் தயாரிக்கிறார்கள். பெயரில் அம்பர் இருக்கிறது, திமிங்கலம் இல்லை.

இன்னொரு அம்பரும் உண்டு, அது நம் ஊர்த் தோட்டத்திலேயே வளரும். வெண்டைக்காய்க்கு நெருங்கிய உறவான ஒரு செடி. மஞ்சள் பூ பூக்கும், காய் வெடித்தால் சிறுநீரக வடிவில் சின்னச் சின்ன விதைகள். அந்த விதையை உள்ளங்கையில் வைத்து நசுக்கி மோந்து பார்த்த பிரெஞ்சுக்காரர்களுக்கு அம்பர் ஞாபகம் வந்திருக்கிறது. ‘அம்ப்ரெட்’, குட்டி அம்பர் என்று பெயர் வைத்தார்கள். அதே விதையை மோந்து பார்த்த நம்மவர்களுக்குக் கஸ்தூரி ஞாபகம் வந்தது. தமிழில் அந்தச் செடிக்குப் பெயர் கத்தூரி வெண்டை.